பதினெட்டு எட்டான கணக்கு

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் கணக்குப் போடுவாள், சின்னவளுக்குப் பணம் வரும். வீட்டுக் கதையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடலாம் என்பதுதான் மூத்தவளின் வயிற்றெரிச்சலே.

மூத்தவளுக்கு ஒரு பங்குத் தரகர் ஆபீஸில் வேலை. மூன்றாவது மாடி. லிஃப்ட் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் படி ஏற வேண்டியதுதான். டைப் அடிக்கத்தான் முதலில் சேர்ந்தாள். எந்தக் கம்பெனி பங்கு ஒன்றுக்கு எவ்வளவு டிவிடெண்ட் கொடுத்தது என்று வருஷா வருஷம் அடித்து அடித்து, அடுத்த வருஷம் எவ்வளவு கொடுக்கும் என்பது அவளுக்கே வாயில் வர ஆரம்பித்தது. மாலைக் கல்லூரிக்குப் போய் ஒரு பட்டமும் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு மேனேஜர் அவளை டைப் மிஷினிலிருந்து எழுப்பி ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரர்களுக்கு எவ்வளவு பிரித்துக் கொடுக்கும், அதனால் பங்கு விலை ஏறுமா இறங்குமா என்பதைக் கம்பெனி வாய் திறப்பதற்கு முன்பே எழுதித் தருவது அவள் வேலை ஆயிற்று. அதிலும் சுரங்கக் கம்பெனிகள் என்றால் அவளைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. ஆபீஸில் அவளுக்குப் பெயரே ‘டிவிடெண்ட் அம்மா’. அந்தப் பெயரைக் கேட்டால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

கம்பெனிகளை அவள் குடும்பங்களாகத்தான் பார்த்தாள். வீட்டுக்கு வருமானம் எவ்வளவு, அடுப்புக்கு எவ்வளவு போகிறது, எந்தப் பிள்ளை ஊதாரி, எந்த மாமனார் சம்பள நாளன்று கையை நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர் என்று பார்ப்பாள். ஆண்டறிக்கையைவிட அவளுக்கு டெண்டர் விளம்பரங்கள் மேல்தான் நம்பிக்கை. சுரங்கத்துக்காரன் ஆள் உயர டயர் போட்ட புது லாரிகள் வாங்கினால் பணம் குழிக்குள் போகிறது என்று அர்த்தம். பழைய டயருக்கே ரப்பர் ஒட்டி ஓட்டுகிறான் என்றால் காசை மிச்சம் பிடித்து யாருக்கோ கொடுக்கப்போகிறான் என்று அர்த்தம். இப்படிக் கணக்குப் போட்டு அவள் சொன்ன எண், வருஷக்கணக்காக, ஒன்று இரண்டு கூடக் குறைய இருந்தாலும் பொய்த்ததில்லை.

இவ்வளவு தெரிந்தவள் ஒரு பங்குகூட வாங்க முடியாது. ஆபீஸ் விதி அப்படி. எழுதுகிறவளோ, அவள் புருஷனோ, பிள்ளைகளோ அந்தக் கம்பெனிப் பங்கைத் தொடக் கூடாது. கல்யாண வீட்டுக்கே சமைத்துப் போட்டுவிட்டுப் பசியோடு திரும்புகிற மாதிரி அவள் தினமும் வீட்டுக்குத் திரும்பினாள். புருஷனின் தம்பியோ தம்பி பெண்டாட்டியோ வாங்கக் கூடாது என்று விதியில் இல்லை. விதி எழுதியவனுக்கு ஓரகத்தி இல்லைபோல.

சென்ற வருஷம் நடந்தது இதுதான். ஒரு செம்புச் சுரங்கக் கம்பெனி நல்ல டிவிடெண்ட் கொடுக்கும், விலையும் ஏறும் என்று மூத்தவள் எழுதினாள். யாரும் எதிர்பார்க்காததை அவள் மட்டும் எழுதினாள். அது வெளியில் வருவதற்கு முன்பே மாடியில் குடியிருந்த சின்னவள், தான் தையல் வகுப்பு நடத்திச் சேர்த்த பணம் அத்தனையையும் போட்டு அந்தப் பங்கையே வாங்கிவிட்டாள். டிவிடெண்ட் வந்தது. விலையும் ஏறியது. வந்த டிவிடெண்டில் சின்னவள் இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கிக் கீழே பொதுச் சமையலறையில் வைத்தாள். அதைத் திறக்காமல் அந்த வீட்டில் ஒரு டீ போட முடியாது. பால் அதற்குள்தான் இருக்கிறது.

“அவ கை பட்டது துலங்கும்,” என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். “ராசிக்காரி.”

மூத்தவளுக்குக் காதில் புகை வந்தது. கணக்கு யாருடையது, ராசி யாருக்கு! தான் ஆபீஸோடு ஃபோனில் பேசியதை ஒட்டுக் கேட்டுத்தான் அவள் வாங்கியிருக்கிறாள் என்று மூத்தவள் முடிவு கட்டினாள். அன்றிலிருந்து ஃபோன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசினாள். காகிதங்களை ஆபீஸ் டிராயரிலேயே பூட்டினாள். லேப்டாப்புக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்து, அதை அடிக்கடி மாற்றி, இரண்டு தடவை தானே மறந்தும் போனாள்.

இந்த வருஷம் சின்னவள் அதே பங்கை இன்னும் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விஷயம் வெளியில் வந்தது.

“இந்தத் தடவை டிவிடெண்டு நல்லா வந்துச்சுன்னா, ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துடலாம்னு இவர் சொல்றார், அத்தை,” என்றாள் சின்னவள்.

மூத்தவளின் கை தட்டிலேயே நின்றது. தனிச் சமையலறை. மாமியாரின் இருமல் கேட்காத சமையலறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கேட்டு, புருஷன் “பாக்கலாம், பாக்கலாம்” என்று டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்ன அதே சமையலறை. அது இப்போது சின்னவளுக்கு. இவர்கள் போய்விட்டால் மாமியாரும் இருமலும் மூத்தவளுக்கு மட்டும்.

“ஏம்மா, நீதானே இதுக்கெல்லாம் கணக்குப் போடுறவ? இவளுக்கு எவ்வளவு வரும்னு சொல்லேன்,” என்றார் மாமியார்.

“ஆபீஸ் விஷயத்தை வீட்ல பேசக் கூடாது, அத்தை.”

“அடேயப்பா, ராணுவ ரகசியம்!”

சின்னவள் சிரிக்கவில்லை. மூத்தவளின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் ஆபீஸில் மூத்தவள் அந்தச் சுரங்கத்தைக் கையில் எடுத்தாள். சந்தையெங்கும் பேச்சு பங்குக்கு இருபது ரூபாய் வரும் என்பதுதான். அந்த நம்பிக்கையிலேயே முந்நூறில் இருந்த பங்கு முந்நூற்று நாற்பதுக்கு ஏறியிருந்தது. அவள் தன் வழக்கப்படி ஆரம்பித்தாள். புது லாரி டெண்டர் இல்லை. டயருக்கு ரப்பர் ஒட்டும் டெண்டர் இரண்டு தடவை வந்திருக்கிறது. சுரங்கத்தில் பெரும்பங்கு வைத்திருக்கிற தாய்க் கம்பெனிக்கு எக்கச்சக்கக் கடன், அந்த மாமனார் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பதினெட்டு. கை கூசாமல் எழுதலாம். அவள் நேர்மையாகப் போட்ட கணக்கு அதுதான்.

பதினெட்டு என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தவள், சும்மா இருக்க மாட்டாமல், அதைச் சின்னவளிடம் இருக்கிற பங்குகளால் பெருக்கிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. வந்த தொகையில் ஒரு சமையலறை தெரிந்தது, ஜன்னல் திரையோடு.

அப்புறம்தான் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பழைய குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதே, அதை இறைக்கச் செலவாகாதா? நாலு கழித்தாள். வரி இலாகாவோடு ஒரு வழக்கு இருக்கிறது, தோற்றால்? மூன்று கழித்தாள். தொழிலாளிகள் சம்பள உயர்வு கேட்கிறார்கள், பாவம், கொடுக்கத்தானே வேண்டும்? சுரங்கத் தொழிலாளிகள் மேல் அவளுக்கு அன்று பொங்கிய கருணைக்கு அளவே இல்லை. இரண்டு கழித்தாள். ஒன்பது நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒன்றைக் கழித்தாள். எட்டு.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கழித்தலுக்கும் நியாயம் சொல்லலாம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாத் துரதிர்ஷ்டமும் ஒரே குடும்பத்துக்கு ஒரே வருஷத்தில் வர வேண்டும் என்று கணக்கில் எழுதுகிறவள், கணக்கு எழுதவில்லை, சாபம் விடுகிறாள். அது அவளுக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை. ‘எட்டுதான் வரும், ஏமாற்றத்தில் விலை முந்நூறுக்குக் கீழே சரியும், வைத்திருப்பவர்கள் விற்றுவிடலாம்’ என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்தாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். “எல்லாரும் இருபதுங்கறாங்க மேடம். நீங்க மட்டும் எட்டுங்கறீங்களே?”

“போன வருஷமும் எல்லாரும் ஒண்ணு சொன்னாங்க, நான் ஒண்ணு சொன்னேன்.”

“அதுவும் சரிதான். உங்க நம்பர்ல நான் கை வைக்க மாட்டேன்.” அவர் அதை அச்சுக்குப் போக வேண்டியவற்றோடு சேர்த்து வைத்தார். வெளியில் வர இன்னும் சில நாள் ஆகும்.

அந்தச் சில நாட்கள் மூத்தவளுக்கு வீட்டில் என்னவோ போல் இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. சின்னவளைப் பார்க்கும்போதெல்லாம், ஐயோ, ஃப்ளாட்டு ஃப்ளாட்டு என்று ஆசையாய் இருக்கிறாளே என்று தோன்றியது. அப்படித் தோன்றுவது சுகமாகவும் இருந்தது. பொறாமைப்பட்டே பழகியவளுக்கு இரக்கப்படுவதில் ஒரு புது ருசி. ஒரு நாள் சாயங்காலம் தானே டீ போட்டு, கோப்பைக்கு அடியில் தட்டு வைத்து, மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். “தச்சு தச்சு உன் கண்ணு சிவந்து போச்சும்மா, கொஞ்சம் படுத்துக்கோயேன்,” என்றாள். இன்னொரு நாள் சின்னவள் கழுவ வேண்டிய பாத்திரங்களையும் சேர்த்துத் தானே, சத்தம் வராமல், கழுவி வைத்தாள். புருஷனுக்கு இந்த மாற்றம் ஒன்றும் கண்ணில் படவில்லை. அவர் கண்ணில் படுவதற்கு அது டிவியில் வர வேண்டும்.

எழுதியது வெளியில் வந்தது. பங்கு ஒரு நாள் கொஞ்சம் தயங்கியது, மறுநாள் விட்ட இடத்துக்கே வந்து நின்றது. அடுத்த வாரம் கம்பெனி வாயைத் திறந்தது. பங்கு ஒன்றுக்கு இருபத்தொன்று.

ஆபீஸில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. டீக்கடைக்கு ஆள் அனுப்பும்போது யாரோ “மொத்தம் எத்தனை டீ?” என்று கேட்க, யாரோ “எட்டு” என்று சொல்ல, எண்ணிப் பார்த்தால் உண்மையிலேயே எட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஆனாலும் இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள். மூத்தவளின் மூக்கு உடைந்தது அந்தச் சத்தமில்லாத சிரிப்பில்தான். வருஷக்கணக்காகச் சேர்த்த பெயர். அவளுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். பதினெட்டு என்று எழுதியிருந்தால் இன்றைக்கு யாரும் குனிந்துகொள்ள வேண்டியிருந்திருக்காது. கையில் வந்த பதினெட்டைத் தானே அடித்துவிட்டு எட்டு என்று எழுதினாள்.

வீட்டில் மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “இருபத்தொண்ணாமே! டிவியில சொன்னான். நீ எட்டுன்னு எழுதினியாமே? அதென்ன, அவ்வளவு வித்தியாசமா வரும்?”

“வரும், அத்தை.”

“அவ ராசி அப்படி. உன் கணக்கையே தூக்கிச் சாப்பிட்டுருச்சு பாத்தியா.”

சின்னவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தில்தான் எவ்வளவு திமிர் என்று மூத்தவள் பொருமினாள். அன்றைக்குப் பாத்திரங்கள் சிங்க்கில் விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டது.

பிறகுதான் அந்த நாள் வந்தது. டிவிடெண்ட் கழிகிற நாள். அன்றைக்குப் பிறகு பங்கை வாங்குகிறவனுக்கு அந்த வருஷ டிவிடெண்ட் கிடையாது, அதனால் விலையில் அந்த அளவு குறைவது சகஜம். இருபத்தொன்று குறைய வேண்டியதுதான். ஆனால் முதல் நாள் சாயங்காலம் கம்பெனி இன்னொரு செய்தியையும் சொல்லியிருந்தது. புதுக் குழி தோண்டும் திட்டத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், கையில் பணம் இல்லை. மாமனார் கல்லாவைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார் என்பது ஊருக்கே புரிந்துபோயிற்று. முந்நூற்று நாற்பதில் இருந்த பங்கு விழுந்தது, எழுந்திருக்கப் பார்த்தது, மறுபடி விழுந்தது. அந்த வாரக் கடைசியில் இருநூற்றைம்பது.

மூத்தவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, சந்தோஷத்தில். வந்தது இருபத்தொன்று, போனது தொண்ணூறு! தொகையைப் பெருக்கிப் பார்த்தாள். இந்தத் தடவை ஜன்னல் திரை முதலில் போயிற்று, பிறகு சமையலறையே போயிற்று.

மேனேஜர் மேஜைக்கே வந்தார். “நம்பர் போனா போகுது மேடம். நாம சொன்னதைக் கேட்டு வித்தவங்க எல்லாம் ஃபோன் மேல ஃபோன் பண்ணி தேங்க்ஸ் சொல்றாங்க. உங்க உள்ளுணர்வு இருக்கே!”

உள்ளுணர்வாம். அவளுக்கு அந்தப் பாராட்டை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சரியாகப் போட்ட கணக்கை யாரும் பார்க்கவில்லை. வயிற்றெரிச்சலில் எழுதியதற்கு மாலை விழுகிறது. சரி, கிடக்கட்டும், இன்றைக்கு வீட்டில் ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும், அது போதும் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

நேரே மாடிக்குப் போனாள். ஆறுதல் சொல்ல வேண்டிய வார்த்தைகளை பஸ்ஸிலேயே தயார் செய்துவிட்டிருந்தாள். சின்னவள் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, பச்சைத் துணி ஒன்றை டேப்பால் அளந்துகொண்டிருந்தாள்.

“என்னம்மா இப்படி ஆயிடுச்சு,” என்று மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். “இருநூத்தி அம்பதுக்கு வந்துடுச்சாமே. மனசைத் தளர விடாதே. இது என்ன, யாருக்குத் தைக்கிறே?”

“எங்களுக்குத்தான்க்கா. கர்ட்டன். ஃப்ளாட்டுக்கு.”

“ஃப்ளாட்டுக்கா? பங்கு?”

“அதை நான் வித்து ரொம்ப நாளாச்சேக்கா. முந்நூத்தி நாப்பதுலயே வித்துட்டேன். அட்வான்ஸ் குடுத்தாச்சு. கையெழுத்தாகட்டும், அப்புறம் எல்லாருக்கும் சொல்லலாம்னு இருந்தோம்.”

மூத்தவள் முகத்தில் ஈயாடவில்லை. “என் ரிப்போர்ட்டைப் படிச்சுட்டா வித்தே?”

“அது வர்றதுக்கு முன்னாடியே. நீங்க எட்டுன்னு எழுதினதே இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதெல்லாம் நான் படிக்கறதே இல்லைக்கா, எனக்கு எங்க புரியுது.”

“அப்ப ஃபோனை ஒட்டுக் கேட்டே.”

“ஃபோனா? நீங்கதான் தொட்டிக்குப் பின்னாடி போய் நின்னுக்கறீங்களே!” சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள். “சொன்னா கோச்சுக்காதீங்க. போன வருஷம் டிவியில அந்தச் சுரங்கத்தைக் காட்டினாலே நீங்க சேனலை மாத்துவீங்க. ஒரு நாள் ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்திரத்தை எல்லாம் போட்டு உடைக்கிற மாதிரி கழுவினீங்க, அத்தை பயந்து எழுந்து வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? ஏதோ நல்லது வரப்போகுது, அதைத் தொட முடியலைன்னு அக்காவுக்குப் பொறுக்கலைன்னு தோணுச்சு. மறுநாளே வாங்கிட்டேன்.”

“இந்த வருஷம்?”

“இந்த வருஷம் நீங்க டீ கொண்டு வந்து குடுத்தீங்க. மாடிக்கு. தட்டு வச்சு.” சின்னவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சுக்கா. நீங்க என் மேல பாவப்பட்டு நான் பார்த்ததே இல்லை. என் பங்குக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை. விடிஞ்சதும் வித்துட்டேன்.”

மூத்தவள் தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிராயரைப் பூட்டினாள், லேப்டாப்பைப் பூட்டினாள், முகத்தைப் பூட்ட மறந்துவிட்டாள். டயரும் டெண்டரும் தாய்க் கம்பெனியின் கடனும் பார்த்து அவள் போட்ட கணக்கைவிட, அவளைப் பார்த்து இவள் போட்ட கணக்கு சரியாக வந்திருக்கிறது. இரண்டு வருஷமும். இவளுக்கு ராசி என்று ஒன்றும் இல்லை. ராசியாக இருந்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம். இது திறமை. மூத்தவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்னொன்றும் தோன்றியது, வேண்டாம் என்று தள்ளியும் தோன்றியது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவள் முகத்தை யாராவது பார்த்தார்களா? புருஷன் பார்த்ததில்லை. மாமியார் ஃப்ரிட்ஜைத்தான் பார்த்தார். ஒருத்தி மட்டும் சாப்பாட்டு மேஜையிலும் சிங்க் ஓரத்திலும் தினம் தினம் அவளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஒருத்தியும் இப்போது கர்ட்டன் தைத்துக்கொண்டு கிளம்புகிறாள்.

“அந்த எட்டு…” என்று மூத்தவள் ஆரம்பித்தாள். “அது கணக்கு இல்லைம்மா.”

“விடுங்கக்கா,” என்றாள் சின்னவள். விடு என்று அவள் சொன்ன விதத்தில் அவளுக்கு அதுவும் தெரிந்தே இருந்தது என்று பட்டது. “ஃப்ரிட்ஜ் இங்கேயே இருக்கட்டும், நாங்க வேற வாங்கிக்கறோம். அதை ஜாஸ்தி திறக்கறது நீங்கதானே. நான் வாரம் ஒரு தடவை வந்து போயிட்டு இருப்பேன்.”

“எதுக்கு?”

“அத்தையைப் பாக்கத்தான்.” சின்னவள் துணியை மிஷினில் சொருகி, சக்கரத்தில் கையை வைத்தபடி கேட்டாள். “அடுத்து எந்தக் கம்பெனிக்கா எழுதப் போறீங்க?”

கேட்டுவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். மூத்தவளுக்கு அந்த முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.